திருடு போன துப்பாக்கி எங்கே போகிறது?

2015 ஜூன் 27. சான் பிரான்சிஸ்கோவில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்த பையை யாரோ தூக்கிச் சென்றார்கள். கார், அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை ரேஞ்சர் ஒருவருடையது. பைக்குள் அவருடைய கைத்துப்பாக்கி இருந்தது. அவர் போலீஸில் புகார் கொடுத்தார். ஜூலை 1 மாலை, அதே நகரின் கடலோர நடைமேடையில் தந்தையுடன் நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண், தரையில் பட்டுத் தெறித்த குண்டுக்குப் பலியானார். விரிகுடாவுக்குள் இருந்து மீட்கப்பட்ட துப்பாக்கி அந்த ரேஞ்சருடையது. இடைப்பட்ட நாட்களில் அது யார் யார் கையில் இருந்தது என்பது விசாரணையிலும் தெளிவாகவில்லை.

புகார் கொடுத்தும் ஏன் தடுக்க முடியவில்லை? புகாருக்குப் பிறகு என்னதான் நடக்கிறது?

எண் இல்லையென்றால் பதிவு இல்லை

போலீஸ் முதலில் கேட்பது துப்பாக்கியின் சீரியல் எண். எண், தயாரித்த நிறுவனம், காலிபர் ஆகிய விவரங்கள் எஃப்.பி.ஐ.யின் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் ஏறுகின்றன. 1967-ல் இருந்து இயங்கும் இந்தக் கணினிப் பதிவை நாட்டின் எந்த மூலையில் இருக்கும் போலீஸும் பார்க்கலாம். துப்பாக்கி கிடைக்கும்வரை பதிவு அழியாது. ஆனால், எண்ணைக் குறித்து வைக்காதவர்கள் ஏராளம். வாங்கிய கடையின் ஆவணத்திலாவது எண் கிடைத்தால் உண்டு. இல்லையேல் புகார் உள்ளூர் ஸ்டேஷன் கோப்போடு நின்றுவிடும்.

பதிவு ஏறியதும் போலீஸ் வீடு வீடாகத் தேடப் போவதில்லை. துப்பாக்கி தானாக வெளியே தலைகாட்ட வேண்டும். இரவு ரோந்தில் ஒரு காரை நிறுத்துகிறார்கள். சீட்டுக்கு அடியில் பிஸ்டல். அதிகாரி எண்ணை வயர்லெஸ்ஸில் வாசிக்கிறார். ‘திருட்டு’ என்று பதில் வருகிறது. உடனே புகாரைப் பதிந்த ஸ்டேஷனிடம் உறுதி கேட்கிறார்கள். அவசரம் என்றால் 10 நிமிடத்துக்குள், இல்லையென்றால் 1 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். துப்பாக்கி ஏற்கெனவே உரியவரிடம் சேர்ந்து, பதிவு மட்டும் நீக்கப்படாமல் இருக்கலாம் அல்லவா? திருட்டுத் துப்பாக்கி என்று தெரிந்தே வைத்திருப்பவருக்கு மத்தியச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை.

எண்ணை ராவி அழித்துவிட்டாலும் தடயவியல் ஆய்வகம் விடுவதில்லை. எண்ணைப் பொறிக்கும் அழுத்தம் உலோகத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். அமிலம் பட்டதும் மறைந்த இலக்கங்கள் பல நேரங்களில் தெரிந்துவிடும்.

அறுந்துபோகும் சங்கிலி

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அமெரிக்காவில் உரிமையாளர்களின் தேசியப் பட்டியல் கிடையாது. 1986-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மத்திய அரசின் துப்பாக்கித் தடமறியும் மையத்தில் ஊழியர்கள் முதலில் தயாரிப்பாளரிடம் கேட்கிறார்கள். அங்கிருந்து மொத்த வியாபாரி, பிறகு கடைக்காரர், கடைசியில் முதலில் வாங்கியவர். மூடப்பட்ட கடைகளின் ஆவணங்கள் பெட்டி பெட்டியாக இங்கேதான் வந்து குவிகின்றன. படமெடுத்துக் கணினியில் சேர்த்தாலும், பெயரைத் தட்டித் தேட வழியில்லை. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் தடம் முதலில் வாங்கியவரோடு முடிகிறது. புகாரின் அருமை இங்கேதான் புரியும். புகார் கொடுத்தவரிடம் திருட்டு நடந்த நாளும் இடமும் பதிவாக இருக்கும். விசாரணை அங்கிருந்து நகரும். கொடுக்காதவர் ‘எப்போதோ காணாமல் போச்சு’ என்று சொல்லிவிடலாம். கள்ளத்தனமாக விற்றவருக்கும் அதே பதில் கைகொடுக்கும்.

மீட்ட துப்பாக்கி உடனே வீடு திரும்பாது. வழக்கு, மேல்முறையீடு எல்லாம் முடியும்வரை சாட்சிப் பொருள் அறையில் இருக்கும். இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருந்தால் அது அந்த நிறுவனத்துக்கே சொந்தமாகலாம்.

யார் பொறுப்பு?

2017 முதல் 2021 வரை தனிநபர்களிடம் திருடு போனதாகப் புகாரான துப்பாக்கிகள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். 2016-ல் சிறைக் கைதிகளிடம் நடந்த அரசுக் கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேரே தாங்கள் அதைத் திருடியதாகச் சொன்னார்கள். சுமார் 43 சதவீதம் பேர் கள்ளச் சந்தையில் பெற்றதாகச் சொன்னார்கள். திருடுபவர் ஒருவர், சுடுபவர் இன்னொருவர்.

அப்படியிருந்தும், உரிமம் பெற்ற கடைக்காரர் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம், சாதாரண உரிமையாளரை எதுவும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா 5 நாள் கெடு வைத்திருக்கிறது. நியூயார்க், கனெக்டிகட் போன்ற மாநிலங்களிலும் புகார் கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் அதுவும் இல்லை.

துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை என்று வாதிடுபவர், அது தொலைந்தால் சொல்வது கடமை என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். எண்ணை எழுதி வைப்பது, காரில் விட்டுச் செல்லாமல் இருப்பது, திருடு போனது தெரிந்த அன்றே புகார் கொடுப்பது: இவை யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை. இவற்றில் புகாரையாவது நாடு முழுவதும் சட்டமாக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும், முன்பின் தெரியாத ஒருவரின் உயிர்தான் பணயம்.