படகு எழுதும் நாட்குறிப்பு

முற்காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் கப்பலின் வேகத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? நீண்ட கயிறொன்றில் சம தூரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் மரத்துண்டைக் கட்டிக் கடலில் விடுவார்கள். மணற்கடிகாரத்தின் மணல் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டுப் போயின என எண்ணி, ஏட்டில் பதிவார்கள். அந்த மரத்துண்டின் பெயரான 'லொக்' என்பதே பின்னர் கப்பலின் குறிப்பேட்டுக்கும் பெயராயிற்று. கடல் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கிலேயே சொல்கிறார்கள். ஒரு முடிச்சு என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர்.

இன்று மேல்நாடுகளில் உல்லாசப் படகு வைத்திருப்போர் பலர் இந்த ஏட்டை ஒரு சிறு கணனியிடம் ஒப்படைத்துள்ளனர். படகில் பல உணரிகள் உள்ளன. ஒன்று அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது கடற்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் செல்லும். ஒலி திரும்ப 0.02 செக்கன் எடுத்தால் ஆழம் 15 மீற்றர். மற்றவை காற்றையும், இயந்திரத்தின் வெப்பத்தையும், பற்றரியின் மின்னழுத்தத்தையும் அளக்கின்றன.

வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983இல் அமெரிக்காவில் 'என்.எம்.இ.ஏ. 0183' என்ற பொது முறை வகுக்கப்பட்டது. 2012இல் உள்ளங்கை அளவான 'ராஸ்பெரி பை' என்னும் மலிவுக் கணனி வந்தது. 'சிக்னல் கே' என்ற இலவச மென்பொருளை அதில் இட்டால், உணரிகள் தரும் எண்களை எல்லாம் திரட்டிச் சேமிக்கலாம், கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம்.

இதனால் என்ன பயன்? ஓர் உதாரணம் பார்ப்போம். படகின் அடியில் கசியும் நீரை வெளியேற்ற ஒரு பம்பி உண்டு. நீர் ஏறினால் மிதவை ஆளி அதனை இயக்கும். நீர் இறங்கினால் நிறுத்தும். சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது அடி காய்ந்திருக்கும். குறை ஒன்றும் தெரியாது. ஆனால் பதிவைப் பார்த்தால், போன மாதம் நாளுக்கு இரண்டு முறை ஓடிய பம்பி இந்த மாதம் ஆறு முறை ஓடுகிறது. கசிவு கூடிவிட்டது! கவனியாது விட்டால் ஒருநாள் பற்றரி இறங்கும், பம்பி நிற்கும், கட்டிய இடத்திலேயே படகு தாழும். பம்பி மறைத்த கசிவைப் பதிவே காட்டிக்கொடுக்கிறது.

பற்றரியும் அப்படியே. 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி நிறைந்து ஓய்விலிருக்கையில் ஏறக்குறைய 12.7 காட்டும். ஒருநாள் காலையில் 12.4 என்றால் பெரிதாக எதுவும் சொல்லமுடியாது. அதே பாவனைக்குக் காலைதோறும் அது குறைந்து வந்தால், பற்றரி தளர்கிறது அல்லது எங்கோ மின் வீணாகிறது என்று அறியலாம்.

அனுபவசாலிகள் மூன்று விடயங்களைக் கவனிப்பார்கள். திரையை எண்களால் நிரப்பாமல் ஆழம், வேகம், பற்றரி, பம்பி ஓடிய தடவை ஆகியவற்றையே பெரிதாகக் காட்டுவார்கள். திடீரென மின் நின்றால் நினைவு அட்டை பழுதாகலாம் என்பதால் பதிவின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வைப்பார்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழக் கருவி சரிதானா என்றும் இடைக்கிடை பார்ப்பார்கள்.

கிணற்றுக்கு நீர்ப்பம்பி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். பம்பி இறைக்கும்வரை கிணறு வற்றுவது கண்ணில் படாது. எத்தனை நிமிடத்தில் நீர் இறங்கியது, எத்தனை மணியில் மீண்டும் ஊறியது என்று நாள்தோறும் எழுதி வந்தால் முன்கூட்டியே தெரியும். இதற்குக் கணனி வேண்டாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.