இருவர் பெயரில் ஒரு வீடு: பிரியும்போது மதிப்பு போடுவது எப்படி?

கணவன் மனைவி இருவர் பெயரிலும் சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து. ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் தந்துவிடுவதாக ஏற்பாடு. எவ்வளவு பணம் என்று கேட்டதும் சம்மதம் ஆட்டம் காணும்.

முதலில் பத்திரத்தைப் பாருங்கள். கல்யாணம் ஆனதாலேயே சொத்தில் ஆளுக்குப் பாதி என்று நம் சட்டத்தில் கிடையாது. பத்திரத்தில் யார் பெயர், என்ன பங்கு என்பதே தொடக்கம். கூடவே வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, வங்கியின் கடன் பாக்கிக் கடிதம்.

அடுத்து, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். ஆளுக்கொருவரை அமர்த்தினால் இரண்டு அறிக்கை வரும், இரண்டுக்கும் நடுவே சில லட்சங்கள் நிற்கும். ஒரே ஆளை அமர்த்திக் கட்டணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம். எந்தத் தேதியின் விலை வேண்டும் என்பதை இருவரும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள். கடன் வாங்கிய காலத்து அறிக்கையைத் தூசி தட்டி நீட்ட வேண்டாம்.

அவர் வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் இருப்பது நல்லது. முகம் பார்க்கப் பிடிக்காவிட்டால் ஆளுக்கொரு உறவினரை அனுப்பலாம். அறைகளை அளப்பார். குளியலறைக்குக் கீழ்ப்பக்கம் ஓதம் காத்திருக்கிறதா, பால்கனிக் கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கிறதா, லிஃப்ட், கார் நிறுத்துமிடம், தண்ணீர் வசதி என எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவர் ஒவ்வொரு விரிசலையும் காட்டுவார். விட்டுப் போகிறவருக்குக் கிழக்குப் பார்த்த வாசல் ஞாபகம் வரும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைத்தான் விசாரிப்பார்.

கணக்கு இப்படிப் போகும். பிரிக்கப்படாத மனைப்பங்கு 450 சதுர அடி, சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனைக்கு 36 லட்சம். 950 சதுர அடிக் கட்டடத்தை இன்று கட்ட 2,500 வீதம் 23.75 லட்சம், 15 வருடத் தேய்மானம் போக, உத்தேசமாக 18 லட்சம். ஆக 54 லட்சம். கடன் பாக்கி 14 லட்சம் கழிந்தால் பங்கிட 40 லட்சம். வழிகாட்டி மதிப்பை இந்த இடத்தில் கொண்டுவராதீர்கள். அது முத்திரைத் தீர்வைக்கான அரசுக் கணக்கு; சந்தை விலை பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும்.

ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து மதிப்பை அறியலாம். பாகப்பிரிவினை வழக்கில் பாதிப் பங்குக்காரர் வீட்டை விற்கச் சொன்னால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள மற்றவர் கேட்கலாம். 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அதற்கு வழிவிடுகிறது. ஆனால் வருடங்கள் ஓடும்.

தொகை முடிவானால், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே பதிவதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். குடும்பத்தாருக்குள் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய். தீர்ப்பு வந்தபின் கணவன் மனைவி என்று சொல்லி இந்தச் சலுகையைக் கேட்பது கடினம். எழுதிக் கொடுப்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டே கையெழுத்துப் போடட்டும்.

அத்துடன் வங்கிக்கும் போய் வாருங்கள். வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை, பங்கை எழுதிக் கொடுத்தவரும் அந்த வீட்டுக்கடனுக்குப் பொறுப்பாளிதான்.