முதல் அடிதடி வழக்கா? ‘ஃபைன் கட்டினால் முடிந்தது’ என்று நம்பாதீர்கள்

மேம்பாலம் வந்த பிறகும் மேடவாக்கம் சந்திப்பில் நெரிசல் தீரவில்லை; மெட்ரோ வேலை வேறு சேர்ந்துகொண்டது. காரின் பக்கக் கண்ணாடியை பைக் உரசுகிறது. ஒரு கெட்ட வார்த்தை, பதிலுக்கு ஒரு அறை. அடுக்குமாடியில் பார்க்கிங் தகராறு, தெருவில் தண்ணீர் லாரி தகராறு, அண்ணன் தம்பிக்குள் காம்பவுண்டுச் சுவர்த் தகராறு. அதுவரை காவல் நிலைய வாசலைக்கூட மிதிக்காத ஒருவர் அன்று மாலைக்குள் வழக்கில் ‘ஏ1’ (முதல் குற்றம்சாட்டப்பட்டவர்) ஆகிவிடுகிறார்.

அடித்தது யார், ஏன் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நம் ஆட்கள் செய்யும் அசட்டுத்தனங்களைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. போனை அணைத்துவிட்டுச் சொந்த ஊருக்கு ஓடுவது ஒன்று. ரைட்டர் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, கேஸ் முடிஞ்சிடும்’ என்ற ஓசி ஆலோசனையை நம்புவது மூன்றாவது. வாழ்நாள் முழுக்கத் துரத்துவது இந்த மூன்றாவதுதான்.

என்ன பிரிவு என்று முதலில் பாருங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 323, இப்போது 115(2): சாதாரணக் காயம். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட வேண்டிய குற்றம். இந்தப் பிரிவு மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்யவே முடியாது, புகாருக்கு சி.எஸ்.ஆர். (சமூக சேவைப் பதிவேடு) ரசீது கொடுப்பதோடு சரி.

ஆனால் தமிழ்நாட்டில் அடிதடி எஃப்.ஐ.ஆர். எதைப் புரட்டினாலும் ‘பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டி’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அது 296(பி). மூன்று மாதம் வரைதான் தண்டனை. ஆனாலும் போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய பிரிவு. அது ஒன்று சேர்ந்தால் மொத்த வழக்கையும் போலீஸ் கையில் எடுத்துக்கொள்ளலாம். கூடவே ‘கொன்றுவிடுவதாக மிரட்டி’ என்று 351(3) வந்து உட்காரும். அதற்கு ஏழாண்டு வரை.

எலும்பு முறிந்தாலோ விலகினாலோ, ஒரு பல் உடைந்தாலோ கொடுங்காயம். பழைய சட்டத்தில் 20 நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலை முடக்கம் என்றிருந்தது இப்போது 15 நாள். 117(2)-ன் கீழ் ஏழாண்டு வரை சிறை. ஒரே ஒரு குத்தில் பல் போனாலும் இந்தக் கணக்குதான். கத்தி, கட்டை, கல் என்று ஆயுதம் வந்தால் 118. ஜாமீனில் வர முடியாத பிரிவு. கையிலிருந்த ஹெல்மெட்டையும் ஆயுதக் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். பணியில் இருக்கும் போக்குவரத்துக் காவலரையோ வேறு அரசு ஊழியரையோ தொட்டால் 132. அதுவும் ஜாமீனில் வர முடியாதது. அடிபட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால், அதன் 18-வது பிரிவு முன்ஜாமீனையே தடுக்கிறது. சாதியைச் சொல்லித் திட்டிவிட்டுக் ‘கோபத்தில் வந்துவிட்டது’ என்று சொல்வது எங்கும் எடுபடாது.

முதல் நாள்: ஏ.ஆர். காப்பி

உங்களுக்கும் அடி விழுந்திருந்தால் அன்றைக்கே குரோம்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தெரு முனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டு, பத்து நாள் கழித்து ‘என்னையும்தான் அடிச்சாங்க’ என்றால் யாரும் நம்பமாட்டார்கள். டூட்டி டாக்டர் ‘ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்’ (ஏ.ஆர்.) எழுதுவார். அடித்தவர் தெரிந்தவரா தெரியாதவரா, எத்தனை பேர், கையாலா கட்டையாலா, எந்த இடம், எத்தனை மணி என்று நீங்கள் சொல்வது அந்த ஒரு பக்கத்தில் பதிவாகும். பிறகு வழக்கு நடக்கும்போது இரு தரப்பு வக்கீல்களும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். டாக்டரிடம் ‘ஒருத்தர், கையால்’ என்று சொல்லிவிட்டுப் புகாரில் ‘ஐந்து பேர், இரும்புக் கம்பி’ என்று எழுதினால், உங்கள் வழக்கை நீங்களே உடைத்துக்கொள்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கீழே விழுந்து அடிபட்டது என்று பொய் சொல்லாதீர்கள்.

பிறகு உங்கள் தரப்புப் புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். எண் வாங்குங்கள். மேடவாக்கம், தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், அதே புகாரைப் பள்ளிக்கரணை துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173(4) இந்த வரிசையைத்தான் சொல்கிறது. இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு போலீஸ் நிலையாணை 566 (பழைய எண் 588-ஏ). முதலில் ஓடிவந்தவர் சொன்னதே உண்மை என்று எழுதிவிட்டுப் போகும் எஸ்.ஐ.க்கு இதை நினைவூட்டத் தயங்காதீர்கள்.

சிசிடிவியை மறந்துவிடாதீர்கள். கடை ரெக்கார்டரில் பழைய காட்சி மீது புதிய காட்சி தானாகப் பதிந்து அழிந்துவிடும். கடைக்காரரிடம் பென்டிரைவில் பிரதி கேளுங்கள். மறுத்தால், தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம் குறிப்பிட்டு அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். போனில் வரும் பிரதியை அப்படியே கோர்ட்டில் காட்ட முடியாது. புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63(4)-ன்படி சான்றிதழ் வேண்டும்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்

ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரவேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நோட்டீஸ் இப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3). வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்காக வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வக்கீலோடு போய் நோட்டீஸைக் கையில் வாங்குங்கள். சொன்ன தேதியில் போகாமல் இருந்தால் கைது செய்யக் காரணத்தை நீங்களே எடுத்துக்கொடுத்ததாகும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 181. போலீஸிடம் சொன்ன ஒப்புதலைப் பொதுவாக உங்களுக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. அப்படியிருக்க எதற்குக் கையெழுத்து? மறுபடியும் சொல்கிறேன்: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதிர்த்தரப்புக்கு ‘மன்னிச்சிடுங்க சார், தெரியாம அடிச்சிட்டேன்’ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள், அது சாட்சி. நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று ஆட்களோடு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். அது அடுத்த வழக்கு.

கைதானால்

கைதுக் குறிப்பில் நேரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரக் கெடு அங்கிருந்துதான் ஓடும். கைது செய்த தகவலைக் குடும்பத்துக்குச் சொல்வது போலீஸின் கடமை. வக்கீலைச் சந்திப்பது உங்கள் உரிமை. 115(2), 296(பி) போன்ற ஜாமீன் பிரிவுகள் மட்டும் என்றால் ஸ்டேஷன் பெயில் உங்கள் உரிமை, எஸ்.ஐ.யின் தயவு இல்லை.

ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது ‘போலீஸ் அடித்தார்களா?’ என்று அவர் கேட்பார். அடித்திருந்தால் ஆமாம் என்று சொல்லி, காயத்தைக் காட்டி, பதிவு செய்யச் சொல்லுங்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்ததற்குப் பிறகும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ஜாமீன் கிடைத்தபின் ஜாமீன்தாரர்களைத் தேடி அலைவதே தனி வேலை. இரண்டு பேர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று கேட்பது வழக்கம். ஆதார், குடும்ப அட்டை, சொத்து வரி ரசீது அல்லது ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். முன்ஜாமீன் கிடைத்தவர்கள் உத்தரவில் சொன்ன நாட்களுக்குள் (பெரும்பாலும் 15 நாள்) மாஜிஸ்திரேட் முன் ஆஜராகிப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘பெயில் வந்துடுச்சு’ என்று வீட்டில் உட்கார்ந்தால் அது வெறும் காகிதம். தினமும் கையெழுத்துப் போடும் நிபந்தனையையும் ஒருநாள் விடாதீர்கள்.

சமாதானம் எங்கே செய்வது?

எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன் என்றால் ஸ்டேஷனிலேயே எழுதி முடிக்கலாம். பதிந்துவிட்டால் ஸ்டேஷனில் எழுதும் சமாதானக் கடிதத்தால் வழக்கு சாகாது. கட்டப்பஞ்சாயத்தில் பணம் கைமாறிய பிறகு, சில மாதம் கழித்து சம்மன் வரும்போதுதான் இது பலருக்குப் புரிகிறது.

115(2) வழக்கை அடிபட்டவரே நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம்; அது விடுதலைக்குச் சமம். 117(2) என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆனால் அந்தத் திட்டு வார்த்தைப் பிரிவு 296(பி)யும் ஆயுதப் பிரிவு 118-ம் சமாதானப் பட்டியலிலேயே இல்லை. அப்போது இரு தரப்பும் கூட்டு மனுவோடு உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் ரத்து கேட்கலாம். 2012-ன் கியான் சிங் தீர்ப்பு இப்படிப்பட்ட தனிப்பட்ட தகராறுகளுக்கு அந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது.

அந்த ஃபைன்

‘ஒத்துக்கொண்டு’ ஃபைன் கட்டுவது தண்டனை. ஆயிரம் ரூபாய் என்றாலும் தண்டனை. அதன் பிறகு காவல் சரிபார்ப்புச் சான்றில், அரசு வேலைப் படிவத்தில், ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் பின்னணிச் சரிபார்ப்பில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். சீருடைப் பணிக்குப் போகிற பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே தமிழ்நாடு போலீஸ் தேர்வு விதி பார்க்கிறது. வழக்கை மறைத்துப் படிவம் நிரப்பினால், வழக்கை விட அந்த மறைப்பே வேலையைக் கெடுக்கும்.

குற்றம் நிரூபணமானாலும் முதல் முறை என்பதற்கு மதிப்பு உண்டு. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் மூன்றாம் பிரிவில் கண்டித்து அனுப்பலாம். நான்காம் பிரிவில் நன்னடத்தைப் பிணையில் விடலாம். 21 வயதுக்குக் கீழே என்றால் காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பவே கூடாது. தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12-ம் பிரிவு. ஆனால் அரசு ஊழியர் மீதான துறை நடவடிக்கையை அது தடுக்காது. இதையெல்லாம் நீதிமன்றம் தானாகக் கொடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். தண்டனை சொல்வதற்கு முன் உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். கேட்கச் சொல்ல வேண்டியது நீங்கள்.

கடைசியாக, வழக்கு எப்படி முடிந்தாலும் அதன் தாளை வாங்குங்கள். போலீஸ் கைவிட்டதா? நீதிமன்றம் ஏற்ற இறுதி அறிக்கையின் நகல். விடுதலையா, ரத்தா? உத்தரவின் சான்றிட்ட நகல். எஃப்.ஐ.ஆர். எண்ணையும் நீதிமன்ற வழக்கு எண்ணையும் அதன் மேலேயே எழுதிவையுங்கள். ‘அதெல்லாம் எப்பவோ குளோஸ் ஆயிடுச்சு சார்’ என்று ஏட்டு வாயால் சொன்னதை எந்தச் சரிபார்ப்பு அதிகாரியும் ஏற்கப்போவதில்லை.