கடல் கொண்ட சபுராளிகள்

சோழமண்டலக் கடற்கரையில் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் 'சபுராளி' என்னும் சொல்லைக் கேளாத செவி இராது. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த அச்சொல், கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரைக் குறிக்கும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரங்கூனிலும் கடை வைத்துக் குடும்பத்தைக் காத்த சபுராளிகளின் வெற்றிக் கதைகளை நாம் பெருமையோடு பேசுகிறோம். போன கப்பல் கரை சேராமல் கடலோடு போனவர்களைப் பற்றியோ, அவர்களுக்காக வாசலைப் பார்த்திருந்தவர்களைப் பற்றியோ நாம் பேசுவது குறைவு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் உலகப் போர் மூண்ட ஆண்டுகளில், அத்தகைய துயரம் அளவின்றிப் பெருகியது. அந்த வரலாற்றையும், அது நமக்கு விட்டுச் சென்ற சில கேள்விகளையும் இங்கே காண்போம்.

கெடிலமும் வெள்ளாறும்

திருவந்திபுரத்தைத் தழுவி ஓடிவரும் கெடிலம் கடலூரில் கடலோடு கலக்கிறது. அதற்குத் தெற்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலைச் சேரும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. முஸ்லிம்கள் அதனை மஹ்மூது பந்தர் என்றும், ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றும் அழைத்தனர். மரக்காயர்களின் மரக்கலங்கள் இக்கரையிலிருந்து இலங்கைக்கும் அச்சேக்கும் மலாக்காவுக்கும் துணி ஏற்றிச் சென்ற காலம் உண்டு. கப்பல் செலுத்துவோரைக் குறிக்கும் 'மாலுமி' என்னும் தமிழ்ச் சொல்லே 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர் அறிஞர்.

இக்கடல் கொடுத்ததைப் போலவே எடுத்தும் இருக்கிறது. 1749 ஏப்ரலில் வீசிய கடும்புயலில் 'நமூர்', 'பெம்புரோக்' என்னும் இரண்டு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் கடலூரை அடுத்த இந்தக் கடற்பகுதியில் சிதைந்து, 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலூர் துறையில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க இயலாது; தொலைவில் நங்கூரமிட, படகுகளே சரக்கைக் கொண்டு சேர்க்கும். நாகப்பட்டினத்திலும் அதே முறைதான். ஆகவே புயலுக்குப் புகலிடமற்ற இக்கரையில் கப்பலேறுவது என்பதே துணிவான செயலாக இருந்தது.

ரஜூலாவும் ரோனாவும்

'ரஜூலா' என்னும் பெயரை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழிக்கென 1926ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இரு கப்பல்களைக் கட்டுவித்தது. ஒன்று ரஜூலா; மற்றொன்று ரோனா. இரண்டும் 8 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்டவை. ரஜூலாவின் மேல்தட்டுகளில் 5 ஆயிரத்துக்கும் அதிகமான பயணிகளை ஏற்றிச் செல்லவே அன்று அனுமதி இருந்தது எனின், அதில் நெருக்கியடித்துச் சென்ற மக்களின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம். தோட்டத் தொழிலாளரும், வணிகரும், கடைச் சிப்பந்திகளும், உறவினரைத் தேடிச் சென்ற இளைஞரும் அத்தட்டுகளில் பாய் விரித்தே வங்கக் கடலைக் கடந்தனர்.

ரஜூலா நெடுங்காலம் வாழ்ந்தது. போர் முடிந்த பின் மீண்டும் தன் பழைய வழிக்குத் திரும்பி, 1973 வரை நம் மக்களை ஏற்றிச் சென்றது. அவ்வாண்டில் இந்தியக் கப்பல் கழகத்திடம் கைமாறி, 'ரங்கத்' எனப் பெயர் மாற்றம் பெற்று, 1974இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. ஆனால் அதனுடன் பிறந்த ரோனாவின் முடிவோ வேறு.

வங்கக் கடலில் போர்

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு பொழிந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று அறுந்த கப்பல் தொடர்பு, 1945இல் போர் ஓய்ந்த பின்னரே மீண்டும் உயிர் பெற்றது. மூன்றரை ஆண்டுக் காலம் மலாயாவிலிருந்து பணம் வரவில்லை, கடிதம் வரவில்லை, கணவன் இருக்கிறானா, மகன் இருக்கிறானா என்று கேட்டறிய வழியும் இல்லை.

1942 ஏப்ரலின் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலுக்குள் நுழைந்தது. ஒரு சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியது அப்போதுதான். நம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாய்க் குடியேறி, பள்ளிவாசலும் மதரஸாவும் எழுப்பிய பினாங்குத் தீவே, பின்னர் இந்துமாக்கடலில் கப்பல்களை வேட்டையாடிய நீர்மூழ்கிகளின் தளமாக மாறியது. வாழ வைத்த துறைமுகத்திலிருந்தே அழிவும் புறப்பட்ட காலம் அது!

ரோனாவின் இறுதி நாள்

போர்க்காலத்தில் பயணக் கப்பல்கள் படையினரை ஏற்றும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. ரோனாவும் அவ்வாறே சென்றது. 1943 நவம்பரில் அல்ஜீரியாவின் ஓரான் துறையில் ஏறத்தாழ 2 ஆயிரம் அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு, சூயஸ் வழியாக இந்தியாவை நோக்கிப் புறப்பட்டது. நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. மாலை வேளையில் ஜெர்மானிய விமானங்கள் அக்கப்பல் அணியைச் சூழ்ந்தன. அவற்றுள் ஒன்று ஏவிய குண்டு, வானொலி அலைகளால் திசை திருப்பிச் செலுத்தப்படும் புதுவகை ஆயுதம். அது ரோனாவின் பக்கவாட்டில் பாய்ந்து, இயந்திர அறைப் பகுதியைப் பிளந்தது. உயிர்ப்படகுகளுள் பல இறக்க இயலாமற் போயின. இறக்கியவற்றுள்ளும் சில கவிழ்ந்தன. இருள் சூழ்ந்த, அலை உயர்ந்த, குளிர்ந்த கடலில் குதித்தவர்கள் இரவெல்லாம் போராடினர்.

இறந்தோர் 1,138 பேர். அவருள் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். கப்பல் பணியாளர் 195 பேரில் 117 பேர் மாண்டனர். அப்பணியாளருள் பெரும்பாலோர் இந்தியர்.

இதனினும் வேதனை என்னவெனில், இச்செய்தியை அரசுகள் மறைத்ததுதான். ஜெர்மனியின் புதிய ஆயுதம் பயன் தந்தது என்பது வெளியாகக் கூடாது எனப் போர்க்காலத்தில் கருதினர். போர் முடிந்த பின்னும் நெடுங்காலம் இவ்விபத்து வெளிச்சத்துக்கு வரவில்லை. மகன் எங்கே, எவ்வாறு இறந்தான் என்பதை அறியாமலே பல பெற்றோர் கண்மூடினர். உயிர் தப்பியோரும் குடும்பத்தாரும் விடாது முயன்றதன் பயனாக, 2000ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது.

வெள்ளி கிடைத்தது; மனிதர்?

அதே கம்பெனியின் மற்றொரு கப்பல் 'திலாவா'. 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் இருந்தவர் 958 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிச் சென்ற இந்தியர். மூன்றாம் நாள் விடியுமுன் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று அதனைக் குண்டெறிந்து தாக்கியது. படகில் இறங்கியவர்கள், கப்பல் மூழ்கவில்லை என்று கண்டு மீண்டும் ஏற முற்பட்ட வேளையில் இரண்டாம் குண்டு பாய்ந்தது. 280 பேர் மாண்டனர். எஞ்சியோரைப் பிரிட்டிஷ் கப்பல்கள் மீட்டன.

ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த அக்கப்பலிலிருந்து, 2017இல் ஒரு நிறுவனம் 2,364 வெள்ளிக் கட்டிகளை வெளியே எடுத்தது. அவ்வெள்ளி தென்னாப்பிரிக்க அரசுக்கு உரியதா, எடுத்தவருக்குப் பங்கு உண்டா என்னும் வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது. வெள்ளிக் கட்டிகளுக்கு எண்ணிக்கை இருந்தது, உரிமையாளர் இருந்தார், வாதாட வழக்கறிஞரும் இருந்தனர். மாண்ட மனிதர்களை நினைவுகூர அவர்தம் குடும்பத்தார் மும்பையில் ஒன்றுகூடியதோ 80 ஆண்டுகள் கழிந்த பின், 2022இல்!

பெயர் மட்டும் மிஞ்சியவர்கள்

அக்காலக் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவரும், நங்கூரம் இழுத்தவரும், சமையல் செய்தவரும் 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகளே. சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், இரத்தினகிரி, கட்ச் முதலிய பகுதிகளிலிருந்து வந்த அவர்களுள் முஸ்லிம்கள் மிகப் பலர். ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே அவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் போர் தொடங்கியதும், ஊதிய உயர்வு கோரி அவர்கள் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தனர், சிறையும் சென்றனர். இயந்திர அறை கப்பலின் அடியில் இருப்பதால், குண்டு பாய்ந்தவுடன் முதலில் மாள்பவரும் அவர்களே.

இந்தியக் கடற்படையையும் வணிகக் கப்பல்களையும் சார்ந்து, போரில் கடலோடு போன 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தால் ஏடுகளாகத் தொகுக்கப்பட்டு, மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளன. அவர்களுக்குக் கபுரு இல்லை. மீஸான் கல் இல்லை. ஏட்டில் ஒரு வரி மட்டும் உண்டு.

நீரில் மூழ்கி இறந்தவரும் ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்வார் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நன்மாராயம். உடல் கிடைக்காதோருக்கு மறைவான ஜனாஸாத் தொழுகை தொழுவதற்கும் ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. அபிசீனியாவில் மறைந்த நஜ்ஜாஷி மன்னருக்காக நபியவர்கள் மதீனாவில் தொழுகை நடத்தியது அதற்குச் சான்று. கடலோரக் குடும்பங்களுக்கு இது எத்துணைப் பெரிய ஆறுதல்!

காத்திருந்த பெண்கள்

இறந்தார் என்ற செய்தி வந்தவர்களேனும் அழுது தீர்த்தார்கள். எந்தச் செய்தியும் வராதவர்களின் நிலை என்ன? கணவன் இருக்கிறான் என்று நம்புவதா? இல்லை என்று இத்தா இருப்பதா? ஷரீஅத்தில் இத்தகையவரை 'மஃப்கூது', அதாவது காணாமற் போனவர் என்பர். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, கணவனின் வயதொத்தவர்கள் மறையும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டியிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய தீர்ப்பும், அவன் மரணம் உறுதியாகும் வரை காத்திருக்கவே சொன்னது. மாலிகி மத்ஹபோ நான்கு ஆண்டுகளுக்குப் பின் விடுதலைக்கு வழி காட்டியது. பெண்களின் துயரைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற ஹனஃபி ஆலிம்களே, இவ்விஷயத்தில் மாலிகி தீர்ப்பை ஏற்கலாம் என வாதிட்டு நூல் எழுதினர்.

அதன் விளைவாக வந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம். கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிடின், மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம். கணவனின் வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவனுடைய சகோதரரும், தந்தை வழிச் சிறிய தந்தை, பெரிய தந்தையரும் இருப்பின் அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும். தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வராது. ஆறு மாதம் காத்திருக்கும். அதற்குள் கணவன் திரும்பி வந்து, தன் கடமையை நிறைவேற்ற அணியமாயிருப்பதாக நீதிமன்றத்தை நம்பச் செய்தால் தீர்ப்பு நீக்கப்படும். நீதியும் இரக்கமும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது. போர் மூண்ட அதே ஆண்டில் இச்சட்டம் வந்தது குறிப்பிடத்தக்கது. இன்றும் அது நடைமுறையில் உள்ளது.

சொத்துரிமை வேறு. காணாமற் போனவர் இறந்தார் என்று உறுதியாகும் வரை அவர் சொத்தைப் பங்கிடலாகாது. அவருக்கு வரவேண்டிய பாகத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். நாட்டின் பொதுச் சட்டப்படி, 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றி அவரை அறிந்தோர் எவரும் கேள்விப்படாதிருந்தால், அவர் உயிருடன் உள்ளார் என்று சொல்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைச் சூறையாடிய பின், காணாமற் போனோரின் குடும்பத்தார் அந்த 7 ஆண்டுகள் காத்திராமல் இறப்புச் சான்று பெறத் தனி நடைமுறை வகுக்கப்பட்டது. நடுக்கடலில் மறைந்தவனின் மனைவி அரை நூற்றாண்டுக்கு முன் கேட்ட கேள்வியைக் கரையில் நின்ற பெண்களும் கேட்டார்கள் என்பதே இதன் பொருள்.

நாம் செய்யத்தக்கவை

வானூர்தி வந்த பின் சபுரின் தன்மை மாறிவிட்டது. நம் ஊரின் பெயர் தாங்கிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. பல உயிர்களைக் குடித்த அத்தீயோடு, பழைய கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. ஆனால் மக்கள் பிழைப்புக்காக அயல்நாடு செல்வது நிற்கவில்லை. செல்பவர் திடீரெனத் தொடர்பற்றுப் போவதும் நிற்கவில்லை.

ஆகவே, பயணம் புறப்படுவோர் கடன், அமானிதம், கொடுக்கல் வாங்கல், சொத்து விவரம் ஆகியவற்றை எழுதி, வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லட்டும். ஒஸிய்யத்து எழுதுவது மரணத்தை வரவேற்பதாகாது. அது நம் மார்க்கம் வலியுறுத்தும் முன்யோசனை. பாட்டனார் விட்டுச் சென்ற பழைய கப்பல் சீட்டு, கடவுச்சீட்டு, மலாயாக் கடிதங்கள் ஆகியவை பெட்டியின் அடியில் செல்லரிக்க விடாமல் பாதுகாக்கப்படட்டும். வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, கடலோடு போனவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். கணவனைக் காணாமல் தவிக்கும் பெண் எவரேனும் நம் மஹல்லாவில் இருந்தால், சட்டமும் ஷரீஅத்தும் அவருக்குத் திறந்து வைத்துள்ள வழியை ஜமாஅத்தார் எடுத்துச் சொல்லி, துணை நிற்க வேண்டும். 'விதி' என்று கூறி அவரை வாசலிலேயே அமர்த்தி வைப்பது அறமன்று.

கபுரு இன்றிக் கடலில் உறங்கும் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, வல்ல இறைவன் அவர்தம் மறுமை வாழ்வை மேன்மையாக்குவானாக! அவர்களுக்காகக் காத்திருந்து கண்மூடிய தாய்மாருக்கும் மனைவியருக்கும் அந்தப் பொறுமையின் கூலியை நிறைவாக வழங்குவானாக! ஆமீன்.