கட்டுமானத் தளத்தின் வாசலில் நீதிமன்றம்

ஆஸ்திரேலியாவில் தொழிற்சங்க நிர்வாகி கட்டுமானத் தளத்துக்குள் நுழையும் உரிமையைச் சட்டமே தருகிறது. அதற்கான கட்டுப்பாடுகளையும் அதே சட்டம்தான் விதிக்கிறது. 2009ஆம் ஆண்டின் ஃபேர் ஒர்க் சட்டப்படி, ஃபேர் ஒர்க் ஆணையம் தந்த நுழைவு அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும். தகுதியும் நம்பகமும் உள்ளவர் என்று ஆணையம் ஏற்றால்தான் அது கிடைக்கும். தொழிலாளர்களுடன் பேசவோ, சம்பளப் பாக்கி போன்ற புகாரை விசாரிக்கவோ போவதானால் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேச்சு சாப்பாட்டு வேளையிலும் மற்ற இடைவேளைகளிலும் மட்டுமே.

பாதுகாப்புப் பிரச்சினை என்றால் கதை வேறு. பல மாநிலங்கள் பின்பற்றும் பணியிடப் பாதுகாப்பு மாதிரிச் சட்டத்தின்படி, சாரம் ஆடுகிறது, பள்ளத்துக்கு முட்டு கொடுக்கவில்லை என்பது போன்ற நியாயமான சந்தேகம் இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமலே உள்ளே போகலாம். போன பிறகு தெரிவித்தால் போதும். சச்சரவு முளைப்பதும் இங்கேதான். ஆபத்து என்கிறது சங்கம். வேலையை நிறுத்த ஒரு சாக்கு என்கிறது ஒப்பந்த நிறுவனம். இரண்டும் நடப்பதுண்டு.

கட்டடத்தில் கான்கிரீட் தளம் போடும் நாளை எடுத்துக்கொள்ளலாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, கலவை லாரிகள் வரிசையில் நிற்கின்றன. சங்க நிர்வாகி பம்ப் அருகே நின்று, நகர மறுக்கிறார். கலவை தயாரானதிலிருந்து சுமார் 90 நிமிடத்துக்குள் கொட்டியாக வேண்டும். பாதியில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாமல் தளத்தில் பலவீனமான இணைப்பு விழும். ஓராண்டு கழித்து வழக்கு முடிந்து வரும் அபராதம் அன்றைய வேலையைக் காப்பாற்றாது. அதனால்தான் நிறுவனங்கள் இடைக்காலத் தடை கேட்டு ஓடுகின்றன.

நீதிபதி அந்தக் கட்டத்தில் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பதில்லை. விசாரிக்கத்தக்க வழக்கு இருக்கிறதா, தடை கொடுத்தால் யாருக்கு நஷ்டம், கொடுக்காவிட்டால் யாருக்கு என்று மட்டுமே பார்க்கிறார். தடை கேட்பவர், பின்னால் வழக்கில் தோற்றால் நட்டஈடு தருவதாக வழக்கமாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். உத்தரவும் சங்கத்தை ஒரேயடியாக வெளியேற்றுவதாக இருக்க வேண்டியதில்லை. அனுமதியைக் காட்டாமல் நுழையாதே, பம்ப்பை மறிக்காதே என்று குறிப்பிட்ட செயல்களைத் தடுத்தாலே போதும்.

இவற்றில் பல ஏற்கெனவே சட்டம் தடுத்தவைதானே என்று கேட்கலாம். வித்தியாசம் தண்டனையில் இருக்கிறது. அனுமதி பெற்றவர் வேலைக்கு இடையூறு செய்தால் தனிநபருக்கு 60 அபராத அலகு (அபராதத்தைக் கணக்கிடச் சட்டம் வகுத்த தொகை), சங்கத்துக்கு அதைப்போல் 5 மடங்கு என்று ஃபேர் ஒர்க் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. உத்தரவை மீறினாலோ அது நீதிமன்ற அவமதிப்பு. 2012இல் மெல்பர்னில் குரோகான் என்ற கட்டுமான நிறுவனத்தின் எம்போரியம் கட்டடத் தளத்தைக் கட்டுமானத் தொழிலாளர் சங்கமான சி.எஃப்.எம்.இ.யு. மறித்தது. அது நுழைவுரிமை வழக்கல்ல, வாசல் மறியல். ஆனாலும் உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. விக்டோரியா உச்ச நீதிமன்றம் 2014இல் அவமதிப்புக்காக அந்தச் சங்கத்துக்கு 12.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

இந்த ஆயுதம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமல்ல. முறையான அனுமதியோடு வந்தவரை வாசலில் காக்க வைப்பதும் தடுப்பதும் சட்டமீறல்தான். சங்கமும் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். ஆனால் கட்டுமானத் துறைக்கென்றே 2005இல் அமைந்து, 2012இல் கலைக்கப்பட்டு, 2016இல் மீண்டும் வந்த கண்காணிப்பு ஆணையம் சங்கங்கள் மீதே அதிகம் வழக்குப் போடுகிறது என்ற குறை நீடித்தது. 2023இல் அது மறுபடி கலைக்கப்பட்டு, அதன் வேலை ஃபேர் ஒர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போனது.

தடை உத்தரவு யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சொல்லும். சாரம் உறுதியாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மாதிரிச் சட்டத்திலேயே வழி உண்டு. நுழைவு குறித்துத் தகராறு வந்தால், அரசு ஆய்வாளரைத் தளத்துக்கு அனுப்பும்படி இரு தரப்பில் எவரும் கேட்கலாம்.