நாலு சக்கரமும் இழுக்கும், நிறுத்துவது யார்?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்து உருக்கித்தான் குழந்தைக்குத் தலை வார வேண்டும். அந்த எண்ணெய்க்கும் கார் டயருக்கும் சம்பந்தம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், கனடாவுக்குப் போவதற்கு முன் நான் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க மாட்டேன். பட்டுத் தெரிந்துகொண்டேன்!

என் கணவரின் வேலை காரணமாக மான்ட்ரியால் நகரத்தில் குடியேறினோம். நாங்கள் இருந்த பகுதிக்கு 'கோட் டே நேஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'பனிச் சரிவு' என்று அர்த்தமாம். பெயரைக் கேட்டாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு முன்பே ஒரு பழைய செடான் கார் வாங்கினோம். ஆல்-வீல் டிரைவ், அதாவது இன்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும் வண்டி. "நாலும் சேர்ந்து இழுக்கும். பனியைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன்.

நவம்பர் இரண்டாவது வாரம், ஒரே ராத்திரியில் நான்கு அங்குலம் பனி. காலையில் எதிர்வீட்டுக்காரரின் கார் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என் வண்டியோ வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்காமல் வெளியே வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு வயது மகளைப் பின் ஸீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

சரிவில் இறங்கும்போது கீழே சிவப்பு விளக்கு. பிரேக்கை அழுத்தினேன். பெடல் காலுக்கடியில் 'டகடக'வென்று உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அதுவும் கேட்கவில்லை. எதிரே, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் சாலையில் கால் வைத்திருந்தாள். அவள் சட்டென்று வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என் கார் அவளைத் தாண்டிப் போய், நாற்சந்தியின் நடுவில் குறுக்காக நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் என்னைத் திட்டவும் இல்லை, ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பின் ஸீட்டிலிருந்து என் மகள் கேட்டாள்: "ஏம்மா நிக்கலை?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

பதில் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மாள். எழுபது வயது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். என் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, "நாலு சக்கரமும் உன்னைக் கிளப்பும். ஆனா பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தானே இருக்கு? நிறுத்தறதிலே உன் காருக்கு என்ன விசேஷம்?" என்றார்.

யோசித்தால் எவ்வளவு எளிய விஷயம்! ஆல்-வீல் டிரைவ் என்பது புறப்படுவதற்கும் மேடு ஏறுவதற்கும் உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் உதவுவது சாலையைத் தொடும் டயரின் பிடிப்பு மட்டுமே. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சாதாரணக் கார் கிளம்பும்போதே சறுக்கி, 'ஜாக்கிரதை' என்று எச்சரித்துவிடும். ஆல்-வீல் டிரைவ் கார் சுலபமாகக் கிளம்பிவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்கல் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

எண்ணெய் உறைவது போல

"டயர் மாத்தினியா?" என்று கேட்டார் அந்த அம்மாள். மாற்றவில்லை. க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். 2008-ல் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது டிசம்பர் 15 என்று இருந்த தேதியை 2019-ல் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 'இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே' என்று நான் இருந்துவிட்டேன். பனி சட்டத்தைப் பார்த்தா பெய்கிறது?

சாதாரண டயரின் ரப்பர், சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும், நம் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல. இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும். பனியைக் கவ்வ நிறைய மெல்லிய வெட்டுகளும் உண்டு. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் படம் அதன் பக்கவாட்டில் பதித்திருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். ஆல்-வீல் டிரைவ் காரில் நான்கும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்தியைப் பங்கிடும் உறுப்புகள் கெட்டுப்போகலாம். வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் காற்றழுத்தம் சுமார் ஒரு பவுண்டு குறையும் என்பதால், காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

பாசி படிந்த கிணற்றடியில்

பாசி பிடித்த கிணற்றடியில் தண்ணீர்க் குடத்தோடு எப்படி நடப்போம்? சின்னச் சின்ன அடியாக, சட்டென்று திரும்பாமல், அவசரப்படாமல். பனியில் கார் ஓட்டுவதும் அப்படித்தான்.

* வீட்டைவிட்டுக் கிளம்பியதும், ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் போய் ஒரு முறை பிரேக் போட்டுப் பாருங்கள். அன்றைய வழுக்கல் எவ்வளவு என்று காலுக்குத் தெரியும்.

* முன்னால் போகும் கார் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். நீங்கள் அதைத் தாண்டுவதற்குள் குறைந்தது ஆறு விநாடியாவது ஆக வேண்டும்.

* பிரேக் அழுத்தும்போது பெடல் உதறினால் பயப்படாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனத்தின் வேலை அது. காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள். அன்று நான் செய்த தவறு இதுதான்.

* கார் சறுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். மோதிவிடுவோமோ என்று பயப்படும் பொருளைப் பார்க்கக் கூடாது. கண் போகும் இடத்துக்குத்தான் கையும் போகும்.

* பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று புகுவதால் அவை முதலில் உறையும். முன்னதாகவே வேகத்தைக் குறையுங்கள்.

* செடான் காரின் வயிறு பெரும்பாலும் தரையிலிருந்து ஐந்தாறு அங்குல உயரம்தான். அதற்கு மேல் பனி கிடந்தால் வயிறு தட்டிச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். நாலு சக்கரமும் இழுத்தும் பயனில்லை.

தாய்மார்கள் கவனிக்க

குளிருக்குப் பயந்து, பஞ்சு அடைத்த தடிமனான கோட்டோடு குழந்தையை ஸீட்டில் வைத்துப் பெல்ட் மாட்டுவோம். இது தவறு. மோதல் ஏற்பட்டால் கோட்டின் பஞ்சு அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். சந்தேகமிருந்தால் கோட்டோடு பெல்ட்டை இறுக்குங்கள். பிறகு அதன் அளவை மாற்றாமல் அவிழ்த்து, கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். எவ்வளவு தளர்வு என்று கண்ணாலேயே தெரியும்! மெல்லிய ஸ்வெட்டர் போட்டுப் பெல்ட்டை இறுக்கி, அதன்மேல் கோட்டையோ கம்பளியையோ போர்த்துங்கள்.

இன்னொன்று, இது உயிர்ப் பிரச்னை. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பெரும் பனிப்புயல் வீசியது. ஒரு குடும்பத்தில் தகப்பனார் காரைச் சுற்றிப் பனியை அள்ளிக்கொண்டிருக்க, தாயும் குழந்தைகளும் இன்ஜின் ஓடும் காருக்குள் குளிர்காய்ந்தார்கள். சைலன்ஸர் குழாயைப் பனி அடைத்திருந்தது. நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு வாயு உள்ளே புகுந்து உயிர்களைப் பறித்துவிட்டது. பனியை அள்ளுவதென்றால் முதலில் சைலன்ஸர் வாயைச் சுத்தம் செய்யுங்கள். அள்ளி முடியும்வரை குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

காரில் ஒரு மண்வாரி, கம்பளி, டார்ச், சிறு மூட்டை மணல், தின்பண்டம், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சக்கரம் புதைந்தால் மணலை அதன் முன் தூவலாம். பெட்ரோல் டாங்க் பாதிக்குக் கீழே போக வேண்டாம்.

உங்கள் மகளோ மருமகளோ குளிர் தேசத்தில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். 'பெரிய கார் வாங்கியிருக்கோம்மா, பயமில்லே' என்று சொன்னால், 'டயர் மாத்திட்டியா?' என்று கேளுங்கள்.

அந்த வருடத்திலிருந்து, தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் குப்பையைக் கூட்டுவதுபோல, டயர் மாற்றும் நாளும் எங்கள் வீட்டுக் காலண்டரில் ஏறிவிட்டது. பனி கொட்டுகிற நாளில் பாலும் ரொட்டியும் தீர்ந்துபோனால், அன்றைக்கு உப்புமா. கடை எங்கும் ஓடிவிடாது. இப்போதெல்லாம் சரிவில் இறங்கும்போது மேலேயே வேகத்தைக் குறைத்து, விளக்குக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தாலும் கவலைப்படுவதில்லை.

"நின்னுடுத்தும்மா" என்று என் மகள் சொல்வது எனக்குப் போதும்.