பக்கவாதத்திற்குப் பின் பேச்சு மீளுமா?

குகட்பள்ளியில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் எனப் பல மொழிகள் நாள்தோறும் கலந்து ஒலிக்கின்றன. இப்படிப் பல மொழி பேசி வாழ்வோரைப் பக்கவாதம் தாக்கினால் என்ன நிகழ்கிறது? குகட்பள்ளி செல்லும் மெட்ரோ வழித்தடத்திலேயே உள்ள பஞ்சாகுட்டாவின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், டாக்டர் சுவர்ணா அல்லாடியின் குழு இதற்கு விடை தேடியது. 608 நோயாளிகளை ஆராய்ந்ததில், பன்மொழி அறிந்தோரில் 40.5 விழுக்காட்டினருக்குச் சிந்தனைத்திறன் இயல்பாகவே இருந்தது. ஒரு மொழி மட்டும் அறிந்தோரில் அது 19.6 விழுக்காடே. ஆயினும் பேச்சிழப்பு இரு சாராரையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கியிருந்தது.

மருத்துவர்கள் 'அஃபேசியா' என்று கூறும் இப்பேச்சிழப்பு, அறிவிழப்பு அன்று. பெட்டகத்தில் நகைகள் பத்திரமாக உள்ளன, திறவுகோல்தான் அகப்படவில்லை. பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம் என்பதற்கு, 1865இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா சான்று காட்டினார்.

இன்றும் இதற்கு அடிப்படைச் சிகிச்சை, தொடர்ச்சியான பேச்சுப் பயிற்சியே. அப்பயிற்சிக்குத் துணையாக ஆராயப்படுவது மின்தூண்டல். அறுவை இல்லை, மயக்க மருந்தும் இல்லை. தலையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் அளவிலான மெல்லிய மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவர். அது சொற்களைக் கற்பிப்பதில்லை. பயிற்சியை ஏற்கும் வகையில் நரம்பணுக்களைச் சற்று ஆயத்தப்படுத்துகிறது. காந்தத் துடிப்புகளால் தூண்டும் முறையும் உண்டு.

பாதிப்பின் இடமும் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே இடத்தில் தூண்டுவது பொருந்தாது. அமெரிக்காவில் 74 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பொருள்களுக்குப் பெயர் சொல்லும்போது ஒவ்வொருவர் மூளையிலும் மிகுதியாக இயங்கும் பகுதியை ஸ்கேன் மூலம் கண்டறிந்து அங்கே தூண்டினர். 15 அமர்வுகளுக்குப் பின், தூண்டல் பெற்றோர் சராசரியாக 13.9 சொற்களைக் கூடுதலாகச் சரியாகக் கூறினர். போலித் தூண்டல் பெற்றோர் 8.2 சொற்கள். மேலும் ஆராயத் தகுந்தது என்பதே இதன் முடிவு. உறுதியான தீர்வு என்பதன்று.

எனவே, "முழுப் பேச்சும் திரும்பிவிடும்" என்ற வாக்குறுதியை நம்பிச் சேமிப்பைச் செலவிடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: இது ஆய்வா, சிகிச்சையா? பேச்சுப் பயிற்சியும் உடன் உண்டா? காப்பீடு ஏற்குமா? வலிப்பு நோய் உள்ளோரும் தலையில் உலோகப் பொருள் பொருத்தப்பட்டோரும் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும். மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டில் இதனை முயலலாகாது.

இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக்கையும் தளரக்கூடும், கையொப்பம் மாறும். கையொப்பமிட இயலாத நோயுற்ற வாடிக்கையாளர், வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன் பெருவிரல் ரேகையிட்டுப் பணம் எடுக்கலாம்; சாட்சிகளுள் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். கூட்டுக் கணக்கையும் வாரிசு நியமனத்தையும் நலமாக இருக்கும்போதே முடித்துவைப்பது நன்று.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது திடீரெனத் தோன்றினாலும் உடனே 108ஐ அழைப்போம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய கால எல்லை பொதுவாக நான்கரை மணி நேரமே. பேச்சிழந்தவரிடமோ பொறுமையுடன், சிறு வாக்கியங்களில் பேசுவோம்; அவருக்குப் பதிலாக நாமே விடையளிக்காமல் காத்திருப்போம்.